குழாய் வாயில் ஒரு ஸ்பாஞ்ச்

கேள்வி: என் 3 அடி மீன் தொட்டியில் கேனிஸ்டர் ஃபில்டர் ஓடுகிறது. மாதாமாதம் அதைத் திறந்து கழுவுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. போதாக்குறைக்கு கப்பிக் குஞ்சுகளையும் உறிஞ்சிவிடுகிறது. வழி உண்டா?

பதில்: உண்டு, செலவும் அதிகமில்லை. தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்சை மாட்டுங்கள். ப்ரீ ஃபில்டர் என்பது இதுதான். கழிவும் மிச்சத் தீனியும் வாசலிலேயே நின்றுவிடும். உள்ளேயுள்ள செராமிக் வளையங்களில் சேறு அடையாது. அந்த வளையங்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவற்றை அடிக்கடி கலைக்காமல் விடுவதே பெரிய லாபம். குஞ்சுகளும் தப்பும்.

துளை பெரிதான ஸ்பாஞ்சாக வாங்குங்கள். நைசானது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் கிருமிநாசினி ஏற்றியிருப்பார்கள்.

ஆனால் இது சோம்பேறிகளுக்கான ஏற்பாடு அல்ல. ஸ்பாஞ்சில் சிக்கிய அழுக்கு தொட்டிக்குள்தான் இருக்கிறது; விட்டால் அங்கேயே அழுகும். வாரம் ஒருமுறை பிழிந்தாக வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு, ஸ்பாஞ்சை ஒரு பாலிதீன் பையால் மூடி உருவுங்கள். இல்லையென்றால் தொட்டி டீக்கடைக் கிளாஸ் மாதிரி ஆகிவிடும் (பட்டுத்தான் சொல்கிறேன்). குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். தொட்டியிலிருந்து மொண்ட தண்ணீரே போதும். நடுவில் தண்ணீர் விழும் வேகம் குறைந்தால், வாரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே கழற்றிப் பிழிந்துவிடுங்கள்.