ஒரே பம்ப், வேறு வேறு உடம்பு



இதய பைபாஸ் முடிந்த ஒருவர் மூன்றாம் நாளே வார்டில் நடக்கிறார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே வயது, அதே அடைப்பு, தைத்ததும் அதே கைதான். ஆனால் அவருக்கு இரண்டாம் இரவில் மானிட்டரில் துடிப்பு தாறுமாறாகிறது. "இந்தக் கேஸ் இப்படித்தான்" என்று நகர்ந்துவிடாதே, தம்பி. பம்ப் எனப்படும் ஹார்ட்-லங் மெஷினின் பிளாஸ்டிக் குழாய்க்குள் ரத்தம் புகுந்ததுமே உடம்பு அழற்சியைக் கிளப்புகிறது. இதயத்துக்கான ரத்தத்தை நிறுத்திய கிளாம்ப்பை எடுத்தபின், பட்டினி கிடந்த இதயத் தசைக்குள் திரும்பப் பாயும் ரத்தம் அந்த நெருப்பை ஊதிவிடுகிறது. அது எவ்வளவு எரியும் என்பதில் ஜீன் வேறுபாட்டுக்கும் பங்குண்டு.

பங்கு என்கிறேன், தீர்ப்பு என்று சொல்லவில்லை. அழற்சிச் செய்தி கடத்தும் புரதமான இன்டர்லூகின்-6-இன் ஜீன் முகப்பில், மைனஸ் 174 எனக் குறிக்கும் இடத்தில் சிலருக்கு ஜி என்ற டி.என்.ஏ. எழுத்து, சிலருக்கு சி. இத்தாலியில் பைபாஸ் செய்துகொண்ட 110 பேரைப் பற்றி 2003-இல் வந்த ஆய்வில், ஜீனின் இரண்டு பிரதியிலும் ஜி உள்ளவர்களுக்கு இன்டர்லூகின்-6 கூடுதலாக ஏறியது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான துடிப்பும் அவர்களுக்கே அதிகம். ஜிதான் வில்லன் என்பாய். பொறு. 2005-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 1,635 பேரைப் பார்த்தபோது, பக்கவாதத்தோடு சேர்ந்து வந்தது சி. அதுவும் அழற்சியில் ஏறும் சி-ரியாக்டிவ் புரதத்தின் ஜீனிலும் ஒரு மாற்றம் இருந்தால். பக்கவாதம் வந்தவர்களோ மொத்தம் 28 பேர்தான். போதாததற்கு, ஐரோப்பியரிடம் சாதாரணமான அந்தச் சி கிழக்காசியரிடம் கிட்டத்தட்ட கிடையாது. ஓர் ஊரில் கண்ட கணக்கை வைத்து இன்னோர் ஊர்க்காரருக்கு ஜாதகம் எழுத முடியுமா?

அழற்சிதான் காரணமென்றால் எல்லாருக்கும் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிடலாமே என்று கேட்பார்கள். கொடுத்தும் பார்த்தாயிற்று. 4,494 பேர் சேர்ந்த டச்சு சோதனையில் டெக்சாமெத்தசோன், 2012. 7,507 பேர் சேர்ந்த பன்னாட்டுச் சோதனையில் மெத்தில்பிரட்னிசலோன், 2015. மரணமும் பெரிய சிக்கல்களும் சேர்ந்த கணக்கு இரண்டிலுமே சொல்லும்படி குறையவில்லை. அதை வைத்து அழற்சியே வெறும் புகை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காயத்தை ஆற்றுவதும் அதே நெருப்புதான். மிஞ்சி எரிபவர் பெற்ற நன்மை, அளவாய் எரிபவர் பட்ட கெடுதலில் கரைந்திருக்கலாம். இது என் ஊகம். ஜீன் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் சோதனைதான் இதை உறுதிசெய்யவோ உடைக்கவோ முடியும்.

அதுவரை பம்ப் நேரத்தைச் சுருக்கப் பார். துடிப்பு பிசகுவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில். வார்டுக்கு மாற்றியதுமே மானிட்டரைக் கழற்ற அவசரப்படாதே.