மேல்வகுப்புப் பாடம் வாங்குமுன் விசாரிக்க வேண்டியவை



சரக்கை இறக்குமுன் அது எங்கே விலைபோகும் என்று விசாரிப்பது வியாபாரிக்கு இயல்பு. பிள்ளைகளின் படிப்பு என்று வந்துவிட்டால் மட்டும் அந்த விசாரணையை நம்மில் பலர் செய்வதில்லை. விளம்பரத்தைப் பார்க்கிறோம், பணத்தைக் கட்டுகிறோம். நாமும் அப்படிச் செய்தவர்தாம். அதனால் வந்த நஷ்டமே இதை எழுதத் தூண்டிற்று.

அமெரிக்காவில் மேற்படிப்புப் படிக்க வேண்டுமென்பது நம் தங்கை மகனின் ஆசை. அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் பலர் ஏ.பி. என்னும் கல்லூரித் தரப் பாடங்களைப் பள்ளியிலேயே படித்துவிட்டு விண்ணப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். இணையத்தின் வழியே அப்பாடங்களை நடத்துவதாகச் சொன்ன ஓரிடத்தில் மூன்று பாடங்களுக்குப் பணம் கட்டினோம். பையன் ஒரு வருஷம் இரவும் பகலும் உழைத்தான். பொன்னெழுத்தில் சான்றிதழும் வந்தது.

விண்ணப்பிக்கும்போது பல்கலைக்கழகம் இரண்டே கேள்வி கேட்டது. ஏ.பி. தேர்வின் மதிப்பெண் எங்கே? அங்கீகாரம் பெற்ற பள்ளியின் மதிப்பெண் பட்டியல் எங்கே? இரண்டும் நம்மிடம் இல்லை. அவன் படித்தது ஏ.பி. 'தரத்தில்' நடந்த பாடமே தவிர ஏ.பி. பாடமன்று. பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். பதினேழு வயதுப் பையனின் ஒரு வருஷத்தை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

நாம் மதரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் நின்றவர். ஆயினும் அதற்குப்பின் மருமகனை அருகில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விசாரித்தோம். அறிந்ததைச் சகோதரர்களுக்குச் சொல்வது கடமை.

ஏ.பி. என்பது யாது?

'அட்வான்ஸ்ட் பிளேஸ்மெண்ட்' என்பதன் சுருக்கமே ஏ.பி. அமெரிக்காவின் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு 1955 முதல் இதை நடத்திவருகிறது. கணிதம், பௌதிகம், ரசாயனம், பொருளாதாரம், சரித்திரம் எனப் பல பாடங்கள் உண்டு. ஆண்டுதோறும் மே மாதத்தில் தேர்வு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கினால் தகுதி பெற்றதாகக் கொள்வர். பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் பல 4 அல்லது 5 எதிர்பார்க்கும்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, பாடம் வேறு, தேர்வு வேறு என்பது. பாடத்தில் சேராமல் தானே படித்தும் தேர்வு எழுதலாம். தேர்வு எழுதாதவனுக்கு ஏ.பி. மதிப்பெண் கிடையாது.

விசாரிக்கும் முறை

முதலாவது, ஏற்றுக்கொள்பவரிடமிருந்து தொடங்குங்கள். பிள்ளை சேர விரும்பும் பல்கலைக்கழகங்களின் விதியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். எல்லாம் ஒன்றுபோல் இல்லை. எம்.ஐ.டி.யில் 'கால்குலஸ் பி.சி.' தேர்வில் 5 வாங்கியவனுக்கு முதல் கால்குலஸ் பாடம் படித்ததாகவே கணக்கு. கேல்டெக் என்னும் மற்றொரு பெரிய கலாசாலையோ ஏ.பி. மதிப்பெண்ணுக்கு அவ்விதக் கழிவு எதுவும் தருவதில்லை. ஐயமிருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கே எழுதிக் கேட்கலாம்.

இரண்டாவது, முத்திரையைப் பாருங்கள். நம் தராசுக்கு முத்திரை இருப்பதுபோல் பாடத்துக்கும் உண்டு. ஒரு பள்ளி தன் பாடத்துக்கு ஏ.பி. என்று பெயரிட வேண்டுமானால், பாடத்திட்டத்தைக் காலேஜ் போர்டுக்குக் காட்டி அனுமதி பெற வேண்டும். அனுமதி பெற்றவற்றின் பட்டியலை யாரும் இணையத்தில் பார்க்கலாம். அதன் பெயரே 'ஏ.பி. கோர்ஸ் லெட்ஜர்', அதாவது பேரேடு! அந்தப் பேரேட்டைப் புரட்டியிருந்தால் நமக்கு நஷ்டம் வந்திராது. அத்துடன், பாடம் நடத்தும் பள்ளி அங்கீகாரம் பெற்றதா, மதிப்பெண் பட்டியலைத் தானே நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புமா என்றும் கேளுங்கள். விஞ்ஞானப் பாடமானால் சோதனைக்கூட வேலை எவ்விதம் நடக்கும் என்று கேளுங்கள். ஏ.பி. விஞ்ஞானப் பாடங்களில் நேரத்தின் கால் பங்கு செய்முறைக்கென வகுக்கப்பட்டுள்ளது.

மூன்றாவது, நாளைக் கவனியுங்கள். மே மாதத் தேர்வுக்குப் பெயர் பதிவது பெரும்பாலும் முந்திய நவம்பரிலேயே முடிந்துவிடும். வெளி மாணாக்கன் தன்னை எழுத அனுமதிக்கும் பள்ளியை அதற்குமுன் தேடிக்கொள்ள வேண்டும். அனுமதிப்பது அப்பள்ளியின் விருப்பம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு விண்ணப்பம் ஜனவரித் தொடக்கத்தோடு முடிகிறது. ஆகவே கடைசி வருஷத்து மே மாதம் எழுதும் தேர்வு சேர்க்கைக்கு உதவாது. அதற்கு முந்திய மே மாதத்துத் தேர்வே உதவும்.

நான்காவது, எண்ணிக்கையில் மயங்காதீர்கள். பொறியியல் படிக்க நினைப்பவனுக்குக் கால்குலஸும் பௌதிகமும் பொருத்தம். வைத்தியத் துறையை நாடும் மகளுக்கு ரசாயனமும் உயிரியலும் பொருத்தம். ஐந்து பாடம் எடுத்து எல்லாவற்றிலும் 2 வாங்குவதைவிட, இரண்டு பாடம் எடுத்து 5 வாங்குவது மேல். பள்ளிப் பாடத்தில் மதிப்பெண் குறைந்தால் ஏ.பி. அதை ஈடுகட்டாது.

ஐந்தாவது, வாங்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். நம் பிள்ளைகள் எழுதும் எஸ்.டி.பி.எம்., ஏ-லெவல் ஆகியவற்றையும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஏற்கின்றன. அவற்றைப் படிப்பவனுக்கு ஏ.பி. கட்டாயமன்று. தேவையென்றாலும், கான் அகாடமியில் கால்குலஸ், பௌதிகம், ரசாயனம் முதலிய ஏ.பி. பாடங்கள் இலவசமாகவே உள்ளன. நாம் ஆயிரக்கணக்கான வெள்ளி கொட்டியது இதை அறியாமல்தான்.

இன்னொரு வார்த்தை. இணையவழிப் பாடத்தில் பயிற்சிகளையும் பரீட்சையையும் பிறரைக் கொண்டு எழுதிக்கொடுக்கும் மோசடி நடக்கிறது. அளவையில் குறைசெய்வோரைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே, 83ஆம் அத்தியாயம், இருப்பதை நாம் அறிவோம். பொய்யாய் வந்த மதிப்பெண்ணும் குறைந்த எடைதான். பிள்ளை உழைத்துப் பெறும் 3, பிறர் எழுதிக்கொடுத்த 5ஐவிடப் பரக்கத்தானது.

மருமகன் இப்போது ஒரு வருஷம் பிந்தி ஆறாம் படிவத்தில் படிக்கிறான். கால்குலஸ் ஒன்றை மட்டும், காசு கொடாமல், தானே இரவில் படிக்கிறான். தேர்வுக்குப் பெயர் பதிந்தாயிற்று. விண்ணப்பிக்கப்போகும் பல்கலைக்கழகங்களின் விதிகளைத் தன் கையாலேயே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். போன முறை அந்த நோட்டைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பயன் தரும் கல்வியை அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.