தீயிலிருந்து வந்தவர் யார்?
பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

இயல், இசை, நாடகம் என முத்தமிழைப் பிரித்துப் படிக்கிறோம். ஆனால் நாடகம் நடிப்பதற்காக எழுதப்பட்டது என்பதைப் பாடம் படிக்கும்போது மறந்துவிடுகிறோம். இந்த ஆண்டு எங்கள் இலக்கிய மன்றத்தில், ‘பழைய நாடகத்தை மாற்றி நடிக்கலாமா?’ என்ற தலைப்பில் பட்டிமன்றம் நடைபெற்றது. எடுத்துக்கொண்ட கதை நந்தனார் சரித்திரம். ‘மாற்றலாம்’ என்ற அணியில் நான் பேசினேன். அதற்காகத் திரட்டிய செய்திகளையும், மேடையில் எனக்கு விடை வராமற்போன இடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் நந்தனார், திருநாளைப்போவார் என்ற பெயருடன் வருகிறார். ஆதனூர்ச் சேரியில் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுப்பார். ஆனால் வெளியே நின்றுதான் வணங்குவார். திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகிற்று. தில்லையில் இறைவன் கனவில் சொன்னபடி அவர் தீயில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்து, கோயிலுக்குள் சென்று மறைந்தார். அந்தக் கதையில் அவரை வாட்டும் பண்ணையார் எவரும் இல்லை.

பண்ணையாரைக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நந்தன் ஒரு பண்ணையாள். 40 வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார் வேதியர். மூலக் கதையை மாற்றியதாலும் இலக்கணப் பிழைகள் இருந்ததாலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இதற்குச் சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார் என்றும், பாரதியார் பாடுவதைக் கேட்டு உருகிய பிறகே எழுதிக் கொடுத்தார் என்றும் உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். (மாயூரத்தில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை இந்தப் பாரதியாரின் நண்பர் என்பது நம் பள்ளியில் பலருக்குத் தெரியாது.) ஆக, நாம் ‘பழைய கதை’ என்று காக்க நினைப்பதே ஒருவர் மாற்றிய கதைதான். 1935இல் படமாக வந்தபோது நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தரம்பாள், ஒரு பெண்! இதுவரை என் பேச்சுக்கு நல்ல கைதட்டல் கிடைத்தது.

பிறகு 1978இல் இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘நந்தன் கதை’க்கு வந்தேன். அதில் தீ தெய்வத்தின் ஏற்பாடு அன்று, மேல்சாதியாரின் சூழ்ச்சி. அதை நம்பித் தீயில் இறங்கும் நந்தன் திரும்பி வருவதில்லை. இந்த மாற்றம் ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் அதே நாளில், தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். கூலி உயர்வு கேட்டதில் எழுந்த பகை. இதை வைத்தே ‘குருதிப்புனல்’ நாவலை எழுதி, 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர் இவர். அடுத்த ஆண்டே நந்தன் கதை. கீழ்வெண்மணித் தீயை அறிந்தவர், தில்லைத் தீயிலிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டு வருவதாக எழுத முடியுமா என்று கேட்டு அமர்ந்தேன்.

எதிரணித் தலைவி எழுந்தாள். “நம் ஊர்களில் பாஸ்கா நாடகம் போடுகிறார்களே, அதில் உயிர்ப்புக் காட்சியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஒரு கொலை மட்டுந்தானே?” என்றாள். முன்வரிசையில் இருந்த அருட்சகோதரிகளும் தலையசைத்தார்கள். எனக்கு நா எழவில்லை.

அவள் இன்னோர் எடுத்துக்காட்டும் கூறினாள். 1943இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘ஓக்லஹோமா’ என்ற இசைநாடகம் அமெரிக்கர்களுக்கு மிகவும் பிடித்தமானது. 2019இல் டேனியல் ஃபிஷ் என்பவர் அதைப் பிராட்வேயில் மீண்டும் மேடையேற்றினார். பாட்டும் வசனமும் ஏறக்குறைய பழையவையே. ஆனால் கைகலப்பில் தன் கத்தியின் மீதே விழுந்து சாகிற ஜட் என்பவன், புதியதில் துப்பாக்கியால் சுடப்படுகிறான். மணமக்களின் வெள்ளை உடையில் இரத்தம் தெறிக்கிறது. அதற்கு டோனி விருது கிடைத்தது. பாதியில் எழுந்து போனவர்களும் உண்டு. (இடைவேளையில் எல்லாருக்கும் காரக் குழம்பும் சோள ரொட்டியும் கொடுத்தார்களாம்.) பழைய பெயரைப் பார்த்து நுழைவுச்சீட்டு வாங்கியவரை ஏமாற்றலாமா என்பது அவள் வாதம். இதில் அவள் பக்கம் நியாயம் உண்டென்றே இன்றும் நினைக்கிறேன். இந்திரா பார்த்தசாரதி தம் நாடகத்துக்கு வேறு பெயர் வைத்தார். தம் பெயரையும் போட்டார். பார்ப்பவருக்கு முன்பே தெரியும்.

நடுவர் தீர்ப்புச் சொல்லுமுன், பார்வையாளர் வரிசையிலிருந்து எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கையை உயர்த்தினாள். அதிகம் பேசாதவள். “பூணூலோடு தீயிலிருந்து வந்தவர் நந்தன்தானா, டீச்சர்? நந்தனாகவே அவரை ஏன் உள்ளே விடவில்லை?” என்று கேட்டாள். அரங்கில் ஓசையே இல்லை. தீர்ப்பு எதிரணிக்குப் போயிற்று.

அன்று மாலை ஆவடி செல்லும் பேருந்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டை நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் பாஸ்கா வாதத்துக்கு விடை தோன்றியது. உயிர்த்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்புகள் இருந்தன. தோமையாருக்குக் காட்டியதும் அவற்றைத்தான். சிலுவையில் தொங்கிய அதே உடலோடு அவர் எழுந்தார். ஆதனூர் நந்தனின் பழைய உடலிலோ ஓர் அடையாளங்கூட மிஞ்சவில்லை; எல்லாம் எரிந்த பின்புதான் கதவு திறந்தது. இரண்டையும் ஒரே உயிர்ப்பு என்று நாங்கள் ஏற்றுக்கொண்டது தவறு. இதை மேடையில் சொல்லியிருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமோ என்னவோ!

அடுத்த மாத மன்றக் கூட்டத்தில், பாரதியாரின் கடைசிக் காட்சியையும் நந்தன் கதையின் கடைசிக் காட்சியையும் அடுத்தடுத்து நடிக்கத் தமிழம்மாவிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். இரண்டிலும் நந்தனாக நடிக்க அந்தத் தோழியே பெயர் கொடுத்திருக்கிறாள்.