த்ரீ பேஸ் வீட்டில் கம்ப்யூட்டர்: நியூட்ரலைக் கவனியுங்கள்

மயிலாப்பூர், தி.நகர் பகுதிகளில் பல பழைய வீடுகளின் வயரிங், விளக்கையும் மின்விசிறியையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஏ.சி., கீசர் எல்லாம் சேர்ந்ததும் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்து த்ரீ பேஸுக்கு மாறுகிறோம். அப்போது கம்ப்யூட்டருக்குப் புதிய ஆபத்து ஒன்றும் வருகிறது.

ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். மெயின் நியூட்ரல் துண்டித்துப் போனால், லோடு குறைவாக உள்ள பேஸில் வோல்டேஜ் 400-ஐ நோக்கி ஏறும். கம்ப்யூட்டர் அந்த பேஸில் இருந்தால் எஸ்.எம்.பி.எஸ். எரிந்துவிடலாம். எம்.சி.பி. கரண்ட்டை மட்டுமே கவனிக்கும், வோல்டேஜைக் கவனிக்காது.

எனவே, லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் இவற்றைக் கேட்டுப் பெறுங்கள்:

1. நியூட்ரலில் தனி ஃபியூஸோ சுவிட்ச்சோ கூடாது. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே இதைத் தடுத்தன. மூன்று பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கும் ஃபோர் போல் மெயின் சுவிட்ச் போடுங்கள்.

2. அதிக வோல்டேஜ் வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்று பொருத்துங்கள்.

3. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவசியம். இது கம்ப்யூட்டருக்காக அல்ல, உங்கள் உயிருக்காக.

4. எர்த்திங் ஐ.எஸ். 3043 முறைப்படி இருக்கட்டும். வீட்டுக்குள் நியூட்ரலை எர்த்துடன் இணைக்கக் கூடாது.

5. கம்ப்யூட்டர், மானிட்டர், பிரிண்டர் மூன்றும் ஒரே பேஸில் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு பிளக்கிலும் மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் அளவிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒரு சில வோல்ட்டும் காட்டினால் கம்ப்யூட்டரை இணைக்கலாம்.