பூஜ்யமா, பதிவே இல்லையா?

மதிப்பெண் பதிவேட்டில் ஒரு மாணவர் பெயருக்கு நேரே 0 இருந்தால் அவர் தேர்வு எழுதினார் என்று பொருள். 'வரவில்லை' என்று இருந்தால் அவர் எழுதவே இல்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காத கணினி நிரல் பாதியிலேயே நின்றுவிடும். மேல்நிலை வகுப்பில் நான் இதை 'ஷெல்' கொண்டு விளக்குகிறேன்.

நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலே ஷெல். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் அதற்குச் சில குறிப்புகள் தேவை. பயனரின் கோப்பகம் எது என்பதை 'ஹோம்' சொல்லும்; கட்டளைகளை எங்கே தேடுவது என்பதை 'பாத்' சொல்லும்; திரையின் வகையை 'டெர்ம்' சொல்லும். இவையே சூழல் மாறிகள். 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இவை அறிமுகமாயின.

சி மொழியில் எழுதிய ஒரு ஷெல், 'கெட்என்வ்' என்னும் செயற்கூறு மூலம் மாறியின் மதிப்பைக் கேட்கிறது. மதிப்பு இருந்தால் அந்த எழுத்துச்சரத்தின் முகவரி கிடைக்கும். வெறுமையாக இருந்தாலும் முகவரி உண்டு; நீளம் 0. மாறியே இல்லையென்றால் கிடைப்பது எந்த இடத்தையும் சுட்டாத 'நல்' சுட்டி. அதைச் சோதிக்காமல் நீளத்தை எண்ணப் போனால் இயங்குதளம் பொதுவாக நிரலை உடனே நிறுத்திவிடும். பயனர் ஒரு கட்டளைகூட இடுவதற்கு முன்பே ஷெல் மூடிக்கொள்ளும். எழுதியவரின் கணினியில் அந்த மாறி எப்போதும் இருப்பதால் பிழை அவர் கண்ணில் படாது.

வகுப்பில் மூன்று மாணவர்களை நிறுத்துங்கள். ஒருவரிடம் 'மதுரை' என்று எழுதிய அட்டை, அடுத்தவரிடம் வெற்று அட்டை, மூன்றாமவரிடம் அட்டையே இல்லை. 'உங்கள் அட்டையில் எத்தனை எழுத்து?' என்று கேளுங்கள். 3, 0 என்று விடை வரும். மூன்றாமவர் 0 என்று சொன்னால், 'எந்த அட்டையைப் பார்த்துச் சொன்னாய்?' என்று கேளுங்கள்.

பின்னர் பைத்தான் அகராதிக்குச் செல்லலாம். இல்லாத திறவுகோலைச் சதுர அடைப்புக்குறிக்குள் கேட்டால் பிழை வரும். 'கெட்' முறையில் மாற்று மதிப்பையும் சேர்த்துத் தந்தால் நிரல் தொடரும்.

தொடக்க வகுப்பிலும் இது பயன்படும். ஐவரில் நால்வர் 40, 35, 45, 0 பெற்றனர், ஒருவர் வரவில்லை. எழுதியவர்களின் சராசரி 30. வராதவரையும் 0 என எண்ணினால் 24. 'இருக்கிறதா?' என்று முதலில் கேட்டு, பிறகு 'எவ்வளவு?' என்று கேட்கும் பழக்கம் இரண்டு வகுப்புக்கும் பொதுவானது.