உள்ளங்காலையும் ஒரு தடவை பாருங்கள்!



புற்றுநோய் என்றதும் பீடி, சிகரெட், புகையிலை என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். தோலிலும் வரும் என்றால், "அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு வர்றதுப்பா" என்று நம் வகுப்பிலேயே பதில் வருகிறது. பதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்கும் செல்களில் தோன்றும் புற்றுநோய்தான் மெலனோமா. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர், வெளுத்த தோல், சின்ன வயதில் வெயிலில் வெந்து தோல் உரிந்தது, உடம்பு நிறைய மச்சம், குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது - இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டும். ஆஸ்திரேலியாவில் 1981-லேயே 'சட்டை போடு, களிம்பு தடவு, தொப்பி வை' என்று ஒரு கடற்பறவைக் கார்ட்டூனை வைத்துப் பிரசாரம் செய்தார்கள். நமக்கோ மெலனின் அதிகம். பிறவியிலேயே ஒரு குடை!

ஆனால் நம் நாட்டில் மெலனோமா பெரும்பாலும் வருவது குடைக்கு வேலையே இல்லாத இடத்தில்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. இதற்கு வெயில் முக்கியக் காரணமில்லை. களிம்பு தடவித் தடுக்கவும் முடியாது. கண்ணால் பார்த்துச் சீக்கிரம் பிடிப்பதுதான் வழி.

ஜமைக்காப் பாடகர் பாப் மார்லி கறுப்பினத்தவர்தான். 1977-ல் அவர் கால் பெருவிரல் நகத்தடியில் இருந்ததைப் பந்து விளையாடிய காயம் என்றே முதலில் நினைத்தார்கள். மெலனோமா என்று தெரிந்ததும் விரலை எடுத்துவிடச் சொன்னார்கள்; அவர் சம்மதிக்கவில்லை. நோய் பரவி 1981 மே 11-ல் இறந்தார். வயது 36.

அடிபட்டு ரத்தம் கட்டியதா, வேறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும். நகத்தின் வேரிலிருந்தே கறுப்புக் கோடு வந்துகொண்டிருந்தால், அகலமானால், பக்கத்துத் தோலிலும் கறுப்பு இறங்கினால் டாக்டரிடம் போக வேண்டும்.

நம்ம வடக்குத்துப் பக்கம் இன்னொரு சிக்கல். முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள் கையெல்லாம் கொட்டைப் பாலில் கறுத்திருக்கும். புதுசாக ஒரு புள்ளி வந்தால் யாருக்குத் தெரியும்? வேலையில்லாத நாட்களில் கறை தேய்ந்து போகும், நோய்ப்புள்ளி போகாது. எங்க பெரியம்மாவின் குதிகாலில் அப்படி ஒரு கறுப்பு. "ஆணிடா அது" என்று கார்ன் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தாங்க. வற்புறுத்திப் புதுச்சேரி ஜிப்மர் தோல் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். ஒன்றுமில்லை, சாதாரண மச்சம்தான். பஸ் செலவுக்கு இன்னமும் என்னைத் திட்டுறாங்க. திட்டட்டுமே!

மச்சத்தில் கவனிக்க வேண்டியதை நம் டிராயிங் பாஷையில் சொல்கிறேன். இரண்டு பாதியும் சமச்சீராக இல்லை, ஓரம் பிசிறடிக்கிறது, ஒரே மச்சத்தில் பல நிறம், விட்டம் 6 மி.மீ.க்கு மேல், மாறிக்கொண்டே இருக்கிறது. கடைசியானதுதான் ரொம்ப முக்கியம். பிளேடால் கீறுவது, சுண்ணாம்பு வைத்து எரிப்பது இரண்டும் கூடவே கூடாது.

வெல்டிங் ஷாப் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆர்க்கிலிருந்தும் புற ஊதாக் கதிர் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-ல் அதைப் புற்றுநோய்க் காரணிகளில் முதல் பிரிவில் சேர்த்தது. கண்ணில் வரும் மெலனோமாவுக்கு அதில் ஆதாரம் காட்டியிருக்கிறார்கள். டேக் வைக்கும்போது "ஒரு செகண்ட்தானே" என்று ஷீல்டைத் தூக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறோமே, அந்தப் பழக்கத்தை விடுங்கள். முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன், கையுறை எல்லாம் வேண்டும்.

சீக்கிரம் என்று ஏன் அடித்துச் சொல்கிறேன் என்றால், இந்த நோயை அளப்பதே மில்லிமீட்டரில்தான். அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற மருத்துவர் 1970-ல் சொன்ன அளவு அது: கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது. ஒரு மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் வெட்டியெடுப்பதோடு முடிந்துவிடும். நான்கு மி.மீ. தாண்டினால் உடம்பில் வேறிடங்களுக்குப் பரவும் வாய்ப்பு மிக அதிகம். நம் வெர்னியரில் அது விரல் நகரும் தூரம்கூட இல்லை.