கம்பிச் சுருளில் அடங்கிய சக்தி

விடுமுறைக்கு ஊர் திரும்புகையில் இரயில் நிலையத்தில் நின்று தண்டவாளத்தைப் பார்த்திருப்பீர்கள். முன்பு மரக்கட்டைகள் தாங்கிய தண்டவாளத்தை இன்று பெரும்பாலும் கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டைகள் தாங்குகின்றன. அகலப் பாதைக்குரிய வழக்கமான கட்டையினுள் 18 உருக்குப் புரிகள் ஓடுகின்றன. 3 மில்லிமீட்டர் கம்பிகள் மூன்றை முறுக்கியதே ஒரு புரி.

இப்புரிகளை முதலில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் கான்கிரீட்டை வார்ப்பர். அது இறுகியபின் இழுப்பை விடுவிப்பர். கம்பி தன் பழைய நீளத்திற்குச் சுருங்க முயலும். முயன்று கான்கிரீட்டை நெருக்கிப் பிடிக்கும். கான்கிரீட் நெருக்குதலைத் தாங்கும். இழுப்பைத் தாங்காது விரிசல் காணும். ஆகவே அதை முன்கூட்டியே நெருக்கி வைக்கின்றனர். பிரெஞ்சுப் பொறியறிஞர் ஃபிரெய்ஸினே 1928-இல் இம்முறைக்கு உரிமை பெற்றார். நாளடைவில் கான்கிரீட் சிறிது சுருங்கும். சாதாரணக் கம்பியின் சிறு நீட்சி அச்சுருக்கத்திலேயே பெரும்பாலும் மறைந்துபோகும். ஆதலின் மிகுந்த நீட்சியைத் தாங்கும் வன்மையான கம்பியே வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார்.

அக்கம்பி தொழிற்சாலையிலிருந்து பெருஞ்சுருளாக வருகிறது. அதைப் பிரிப்பது எப்படி? நூற்கண்டைப் பிரிப்பது போலத்தானே என்று எண்ணத் தோன்றும். அவ்வளவு எளிதன்று. காரணத்தைச் சிறு கணக்கொன்றால் அறியலாம்.

கம்பியை வளைத்தால் அதன் வெளிப்புறம் நீளும், உட்புறம் குறுகும். கம்பியின் கனத்தைச் சுருளின் விட்டத்தால் வகுத்தால் அந்நீட்சியின் விகிதம் கிடைக்கும். வீடு கட்டும் 8 மில்லிமீட்டர் கம்பி 1.2 மீட்டர் விட்டமுள்ள சுருளாக வருவதாகக் கொள்வோம். விகிதம் ஏறத்தாழ 0.0067. இக்கம்பியோ 0.0025 அளவிலேயே பணிந்துவிடும். எனவே அது நிரந்தரமாக வளைந்துபோகிறது. கட்டை அவிழ்த்தாலும் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். உருளைகளுக்கிடையே செலுத்தி நிமிர்த்தினால்தான் நேராகும்.

பாலங்களின் உத்தரங்களுக்குரிய 7 மில்லிமீட்டர் வன்கம்பியை 2 மீட்டர் விட்டத்தில் சுருட்டினால் விகிதம் 0.0035. இதனால் எழும் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 700 நியூட்டன். இக்கம்பி 1,200-க்கு மேலும் பணியாமல் தாங்கும். ஆகவே இது வளைவை ஏற்றுக்கொள்ளவில்லை. கட்டுண்டு கிடக்கிறது, அவ்வளவே. கட்டு நீங்கியதும் தானே நிமிரும். வேலைக்கு இக்குணம் நன்மை. வேலை செய்வோருக்கு இதுவே ஆபத்து.

எவ்வளவு ஆபத்து? மேற்சொன்ன கம்பியின் ஒவ்வொரு மீட்டரிலும் ஏறத்தாழ 12 ஜூல் சக்தி அடங்கியுள்ளது. ஒரு டன் சுருளில் சுமார் 3,300 மீட்டர் கம்பி உண்டு. மொத்தம் சுமார் 39,000 ஜூல். ஒரு டன் எடையை நான்கு மீட்டர் உயரத்தில் தூக்கி நிறுத்தியதற்கு இது சமம்! தலைக்கு மேல் ஒரு டன் தொங்கினால் எவரும் அடியில் நிற்க மாட்டார். ஆனால் தரையில் கிடக்கும் சுருளருகே குந்தியிருந்து கட்டுப்பட்டையை வெட்டுவதற்கு அஞ்சுவதில்லை. உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. வளைவில் அடங்கிய சக்தி தெரிவதில்லை. இச்சக்தி முழுவதும் ஒரே கணத்தில் வெளிப்படாது என்பது உண்மையே. ஆயினும் ஒரு சுற்று மட்டும் விடுபட்டாலும் 74 ஜூல். ஒரு கிலோ கல் ஏழரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது. அது கம்பியின் கூரிய முனையில் வந்து தாக்கினால் கண் என்னாகும்?

இதற்காக அமைந்ததே சுருள் பிரிக்கும் சாதனம். சுருளை ஒரு சுழல்மேடைமீது ஏற்றி வைப்பர். உட்புறத்தில் தாங்கு கம்பங்களும் வெளிப்புறத்தில் காவல் கம்பிகளும் அதைப் பிடித்துக்கொள்ளும். வெளிமுனையைப் பிடிமானத்தில் செலுத்திய பின்னரே பட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டுவர். ஏழிழைப் புரியாயின், சுருளை நாற்புறமும் அடைத்த இரும்புக் கூண்டினுள் வைத்துவிட்டுப் பட்டைகளை வெட்டி, உட்சுற்றிலிருந்து புரியை வெளியே இழுப்பது வழக்கம்.

மேடை ஏன் சுழலவேண்டும்? பம்பரக் கயிற்றைத் தரையில் வட்டமாகச் சுற்றி வைத்து, ஒரு முனையை நேர்மேலே தூக்கிப் பாருங்கள். சுற்றுக்கொரு முறுக்கு கயிற்றில் ஏறும். உருக்குக் கம்பியில் இம்முறுக்குச் சேர்ந்தால் மடிப்பு விழுந்து கம்பி கெடும். சுருளே சுழன்றால் முறுக்கு ஏறாது.

சுழல்வதற்குத் தடையும் வேண்டும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கம்பியை இழுத்துக்கொண்டிருந்து சட்டென நிறுத்தினால், ஒரு டன் சுருள் சடத்துவத்தினால் சுழன்றுகொண்டே இருக்கும். சுற்றுகள் தளர்ந்து, ஒன்றினுள் ஒன்று நுழைந்து சிக்கலாகும். சிக்கலைக் கையால் எடுக்கப் போனால் மீண்டும் அதே ஆபத்து. ஆகவே மேடைக்குப் பிரேக் இன்றியமையாதது.

முதலில் கூண்டு, பிறகே வெட்டு. இவ்வளவுதான் விதி. இப்பணியைச் செய்வோரிற் பலர் நம்மைப்போலவே பிழைப்புக்காக வேற்றூர் வந்தவர்கள். ‘தொடாதே’ என்ற கட்டளையைக் காட்டிலும், ‘இதனுள் ஒரு டன் நான்கு மீட்டர் உயரத்தில் தொங்குகிறது’ என்ற காரணம் மனத்தில் பதியும். அக்காரணத்தை அவரவர் தாய்மொழியில் எடுத்துச் சொல்வதும் விஞ்ஞானம் பயிலும் நமது கடமை அன்றோ?